"ஈரம் உறிஞ்சிக் கரையும்" - இத ஒரே சொல்லா சுருக்க முடியுமா? (நமத்தல், கசிதல், பூத்தல்)

வணக்கம் எல்லாருக்கும்,

கூடலூர்ல ரெண்டு வாரமா மழ விடல, துணி காயல, சோப்பு டப்பால சோப்பு கஞ்சியா கெடக்கு. லேப்ல சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில் மூடிய எவனோ சரியா திருகாம விட்டுட்டான், காலைல போய் பாத்தா வெள்ள முத்து மாதிரி இருந்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கொழகொழன்னு ஆயிருச்சு. சரி, திட்டி என்ன ஆகப்போகுது, பாடமாவாச்சும் ஆகட்டும்னு பத்தாங்கிளாஸ் பசங்கள கூப்ட்டு காட்டினேன். ஒரு பொண்ணு எந்திரிச்சு புத்தகத்துல இருக்கற மாதிரியே "ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மம் சார்"னு சொல்லிச்சு. கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன்கிட்ட மெதுவா "எங்க வீட்டு உப்பு ஜாடி மாதிரி கசிஞ்சிருச்சுடா"ன்னான். ரெண்டும் சரிதான், ஆனா ராத்திரி பூரா மண்டைல ஓடினது அவன் சொன்னதுதான்.

ஹைக்ராஸ்கோபிக்குன்னா "ஈரம் உறிஞ்சும்", டெலிக்வெசன்ட்டுன்னா "ஈரம் உறிஞ்சிக் கரையும்", இதுதான் நம்ம பாடநூல் வழக்கு. தப்பு சொல்ல முடியாது, விளக்கமா பாத்தா கச்சிதம். ஆனா அது விளக்கம், சொல் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் வால்ல ஒட்டிட்டு இருக்கு, பரீட்சைல அவசரத்துல எழுதறப்ப அந்த வாலத்தான் பசங்க விட்டுடுறாங்க, மார்க் போயிருது. அப்புறம் இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒண்ணு இருக்கே, சலவை சோடா கட்டி காஞ்ச காத்துல கெடந்து தன் படிகநீர (படிகத்துக்குள்ளயே கட்டுண்டு இருக்கற தண்ணிய) விட்டுட்டு வெள்ளப் பொடியா உதிர்றது, எஃப்ளோரசன்ஸ், அதுக்கு என்ன சொல்றது, "ஈரம் இழந்து பொடியாகும் சேர்மம்"னா? இப்படியே போனா ஒவ்வொரு சொல்லும் ஒரு வரி நீளத்துக்கு வந்துரும்.

என் யோசன இதுதான், மூணுமே அடுப்பங்கரைல ஏற்கெனவே இருக்கு:

அப்பளம், முறுக்கு, தீபாவளிப் பட்டாசு எல்லாம் நமத்துப்போகுது. ஈரத்த வாங்கிக்குது ஆனா தண்ணியா ஆகறதில்ல. அதுதான் ஹைக்ராஸ்கோபிக். நமத்தல்.
கல்லுப்பு கசியுது. டெலிக்வெசன்ஸ். கசிதல்.
செவுத்துல உப்பு பூக்குது. எஃப்ளோரசன்ஸ். பூத்தல்.

நமத்தலுக்கு பட்டாசு உதாரணத்த நான் சும்மா சொல்லல. வெடிமருந்துல போடற வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்டு. சோடியம் நைட்ரேட்டும் ஆக்சிஜன் குடுக்கும், ஆனா அது காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த ஒட்டி வந்தாலே தண்ணி இழுக்க ஆரம்பிச்சிரும், பொட்டாசியம் நைட்ரேட்டு 90-ஐ தாண்டற வரைக்கும் தாக்குப்பிடிக்கும். எங்க ஊர்ல பட்டாசு பொசுக்குன்னு போறதுக்கும் இந்தப் பாடத்துக்கும் நடுவுல அவ்ளோதான் தூரம்.

கருத்து சொல்லுங்க.
- கூடலூர் வாத்தியார்

~~~

சார் வணக்கம். நான் குன்னூர், தேயிலை ஃபேக்டரில குவாலிட்டி பாக்கறேன். நீங்க கேட்டதால சொல்றேன், எங்க பேக்கிங் ரூம்ல தூள் ஈரம் வாங்கிருச்சுன்னா "நமத்திருச்சு"ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, அதனால நமத்தலுக்கு என் ஓட்டு. மத்த ரெண்டையும் டெலிக்வெசன்ஸ், எஃப்ளோரசன்ஸ்னு அப்படியே தமிழ் எழுத்துல எழுதிட்டா என்ன குறைஞ்சிரும்? காலேஜ் போனா எப்படியும் அதத்தான படிக்கப்போறாங்க.

~~~

தம்பிங்களா, ரெண்டு பேருக்கும் சேத்தே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ரிட்டயர்டு ஆனவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்.

மொதல்ல குன்னூர் தம்பிக்கு. 19ஆம் நூற்றாண்டுல யாழ்ப்பாணத்துல கிரீன் வைத்தியர்னு ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர் தமிழ்ல மருத்துவம் சொல்லிக்குடுத்தப்ப கெமிஸ்ட்ரிய "கெமிஸ்தம்"னுதான் எழுதினாரு. இன்னைக்கு அந்தச் சொல்ல யாரு சொல்றா? கடன் வாங்கறது தப்பில்லப்பா, ஆக்சிஜன அப்படியேதான வச்சுருக்கோம். ஆனா அது பொருளோட பேரு. நடக்கற காரியத்துக்குப் பேரு வைக்கறப்ப அது வினைச்சொல்லா வளையணும். "உப்பு டெலிக்வெசன்ஸ் ஆயிருச்சு"ன்னு எந்தப் புள்ள பேசும்?

இப்ப கூடலூர் தம்பிக்கு. நமத்தல் பிரமாதம். பூத்தலும் சரி. கசிதல் மட்டும் வேணாம்.

ஏன்னு சொல்றேன். கசியுதுன்னா உள்ள இருந்து வெளிய வருதுன்னு அர்த்தம். குழாய் கசியும், பானை கசியும், கேஸ் கசியும். கொடைக்கானல்ல முப்பது வருசம் இந்தப் பாடத்த நடத்தினவ நான், புள்ளைங்க மனசுல இருக்கற தப்பே இதுதான். உப்புக்குள்ளயே தண்ணி ஒளிஞ்சிருக்கு, மழக்காலம் வந்தா வெளிய விட்டுருதுன்னு நெனைக்குதுக. பெரியவங்களும் அப்படித்தான், எங்க வீட்டு வேலைக்கு வர்ற அம்மா "உப்பு தண்ணி விட்டுருச்சு"ன்னுதான் சொல்லுவா. நடக்கறது தலைகீழ். தண்ணி காத்துல இருந்து வருது. உப்பு மேல படற மெல்லிசு ஈரத்துல உப்பு கரைஞ்சு கெட்டியான கரைசல் ஆகுது, அந்தக் கரைசலோட ஆவியழுத்தம் சுத்தியிருக்கற காத்துல இருக்கற நீராவியோட அழுத்தத்தவிட கம்மி, அதனால காத்துல இருக்கற தண்ணி மேல மேல வந்து சேந்துக்கிட்டே இருக்கு. சுத்தமான சோடியம் குளோரைடுக்கு ஈரப்பதம் 75 சதவீதம் வரணும். கல்லுப்புல கலந்திருக்கற மெக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும், அதனாலதான் பாக்கெட் உப்புக்கு முன்னாடியே கல்லுப்பு ஈரமாயிருது. இதெல்லாம் சொல்லிக்குடுத்துட்டு கடைசில கரும்பலகைல "கசிதல்"னு எழுதினா, நாம சொன்னத நாமளே அழிச்ச மாதிரி.

ஊர் வச்ச பேருன்னு கண்ண மூடிக்கிட்டு எடுக்கக் கூடாதுப்பா. படிகாரத்தப் பாரு. பேர்ல காரம் இருக்கு. தண்ணில கரைச்சு நீல லிட்மஸ விடு, செவந்துரும், அதாவது அமிலத்தன்மை. அப்பளக்காரத்துல இருக்கற காரம் நெசக் காரம், படிகாரத்துல இருக்கறது வெறும் பேரு. இத நம்பி எத்தன புள்ளைங்க பரீட்சைல கோட்ட விட்டுருக்கு.

என் கைல ஒரு சொல் இருக்கு. மழைல நனைஞ்சா தலைல "நீர் கோத்துக்கிச்சு"ன்னு சொல்றோம்ல? சித்த வைத்தியத்துல நீர்க்கோவை மாத்திரைனே உண்டு. வெளிய இருந்து வந்து கூடி நிக்கற தண்ணி. நீர்கோத்தல்னு வைப்போம். நீர்கோக்கும் சேர்மம், உப்பு நீர்கோத்தது, நீர்கோப்பு. எல்லாப் பக்கமும் வளையுது பாருங்க.

இன்னொரு ஆளு வந்து "நீர்த்தல்"னு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அது ஆகாது. நீர்த்த அமிலம்னு ஏற்கெனவே ஒருத்தன் அந்த நாற்காலில உக்காந்துருக்கான்.
- கொடைக்கானல் டீச்சர்

~~~

டீச்சர், உங்க மெயில படிச்சதும் மொதல்ல கோவம்தான் வந்துச்சு, மறைக்கல. கசிதல் என் வகுப்பு பையன் வாய்ல இருந்து தானா வந்த சொல், அத விட்டுக்குடுக்க மனசு வரல. ஜலதோசத்துக்கு சொல்றத உப்புக்கு சொன்னா பசங்க சிரிப்பாங்கன்னு பதில் கூட அடிச்சு வச்சிருந்தேன், நல்லவேள அனுப்பல.

அனுப்பறதுக்கு முன்னாடி வகுப்புல ஒரு காரியம் பண்ணேன். நீரற்ற கால்சியம் குளோரைட ஒரு கண்ணாடித் தட்டுல போட்டு தராசுல வச்சேன். நாளைக்கு காலைல எடை கூடுமா கொறையுமா அப்படியே இருக்குமான்னு கேட்டா, அந்தக் கடைசி பெஞ்ச் பய உட்பட பாதிப் பேருக்கு மேல "அப்படியே இருக்கும் சார்"னு கை தூக்கினாங்க. உள்ள இருக்கற தண்ணிதான வெளிய வருது, தட்ட விட்டு எங்கயும் போகலையே, எடை எப்படி மாறும்னு கேக்கறான் ஒருத்தன். நல்ல தர்க்கம். தப்பான எடத்துல இருந்து கிளம்பின நல்ல தர்க்கம். அங்கயே எனக்கு தெரிஞ்சிருச்சு நீங்க சொன்னது சரின்னு. மறுநாள் தட்டு நெறைய தண்ணி, தராசுல எடை ஏறிக் கெடக்கு, பசங்க மொகத்த பாக்கணுமே. அதோட விடாம கணக்கும் போட்டோம், 111 கிராம் கால்சியம் குளோரைடு ஆறு மூலக்கூறு படிகநீர் ஏத்துக்கிட்டா அந்தத் தண்ணி மட்டும் 108 கிராம், கிட்டத்தட்ட தன் எடைக்கே, அதுக்கும் மேல வாங்கித்தான் கரையுது. இவ்ளோ தண்ணியும் இந்த ரூம் காத்துலதான்டா இருந்துச்சுன்னு சொன்னதும் ஒருத்தி ஜன்னல பாத்தா. வெளிய மூடுபனி.

அதனால கசிதல வாபஸ் வாங்கிக்கறேன். நீர்கோத்தல்.

அரிசி விசயம் கூட இப்ப அழகா வந்து உக்காருது. உப்பு ஜாடில ஒரு பிடி அரிசி போட்டு வைப்பாங்கல்ல எங்க அம்மா, அரிசி நமக்குது, அதனால உப்பு நீர்கோக்க மாட்டேங்குது. ரெண்டு சொல்லும் ஒரே ஜாடிக்குள்ள.

பூத்தல்ல மட்டும் எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. அன்னைக்கு கொழகொழன்னு ஆன சோடியம் ஹைட்ராக்சைட ஒரு தட்டுல தனியா எடுத்து வச்சிருந்தேன், சில நாள் கழிச்சு மேல வெள்ளையா ஆடை கட்டிருச்சு. பசங்க "சார் பூத்திருச்சு"ன்னு கத்தறாங்க. பாக்க அப்படித்தான் இருக்கு, ஆனா அது படிகநீர விட்டதால வந்த வெள்ள இல்ல, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட எடுத்து சோடியம் கார்பனேட்டா மாறினது. அமில ஆக்சைடும் காரமும் சேந்து உப்பு ஆன வினை. செவுத்துல பூக்கறதும் வேற, அங்க தண்ணில கரைஞ்சு வந்த உப்பு மேல வந்து காயுது. மூணும் வெள்ள, மூணுக்கும் ஊர்ல ஒரே பேரு. செவுத்துக்கும் சலவை சோடாவுக்கும் இங்கிலீஷ்லயும் எஃப்ளோரசன்ஸ் ஒரே சொல்தாங்கறதால ரொம்ப கவலப்படல, ஆனா படிகாரம் கத சொல்லி பயமுறுத்தினது நீங்கதான டீச்சர். சலவை சோடாவுக்கு மட்டும் "படிகநீர் இழந்து பூத்தல்"னு மொத தடவ முழுசா எழுதிட்டு அப்புறம் பூத்தல்னு சுருக்கிக்கலாமா?

செய்து காட்டறதுக்கும் ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும். இந்த மழைல சலவை சோடா பூக்காது. உறைபனி மாசத்துல ஊட்டில இருக்கற ஃபிரண்டு பள்ளிக்கு ஒரு கட்டி குடுத்து அனுப்பறேன், அங்க பகல்ல காத்து நல்லா காஞ்சு கெடக்கும். 286 கிராம் வச்சா, அதுல இருக்கற பத்து மூலக்கூறு படிகநீர்ல ஒன்பது போய், முழுசா பூத்து முடிக்கறப்ப 124 நிக்கணும், எங்க வகுப்பு இப்பவே கணக்கு போட்டு நோட்டுல எழுதி வச்சிருச்சு.

~~~

கூடலூர் தம்பி, அப்படியே எழுதுங்க, மொத தடவ முழுசா, அப்புறம் சுருக்கமா. கார்பனேட் ஆடைக்கு "ஆடை கட்டுதல்"னே வச்சுக்கங்க, நீங்களே அந்தச் சொல்லத்தான போட்டுருக்கீங்க, அது போதும், புதுசா ஒண்ணும் வேணாம். எடை போடறப்ப கட்டிய ஒடச்சு பரப்பி வைக்கச் சொல்லுங்க, முழுக் கட்டியா வச்சா மேல மட்டும் பொடியாகி உள்ள அப்படியே நிக்கும், புள்ளைங்க கணக்கு பொய்னு நெனைச்சுக்கும்.

~~~

குன்னூர்ல இருந்து மறுபடியும். நீர்கோத்தலுக்கு நானும் சரி. ஒரே ஒரு டவுட்டு, நீர்க்கோவைல க் வருது, நீர்கோத்தல்ல ஏன் வரல? போஸ்டர் அடிக்கறதுக்கு முன்னாடி யாராவது தமிழ் ஐயாகிட்ட கேட்டுடுங்க.