பிள்ளையின் கணக்கில் அப்பாவின் பிறந்த ஆண்டு: இதுதான் பாதுகாப்புப் பாடமா?

கங்காணி பேரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு கோயில் மண்டபத்தில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்காக இணையப் பாதுகாப்பு விளக்கக் கூட்டம் ஒன்று நடந்தது. பேச வந்தவர் தம் கைப்பேசியைத் திரையில் காட்டியபடியே, “13 வயது ஆகாத பிள்ளைக்குச் சமூக ஊடகக் கணக்குத் திறக்க முடியாது, அப்பாவின் பிறந்த ஆண்டைப் போட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது” என்றார். மண்டபமே தலையாட்டியது. பிள்ளைகளை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றக் கூட்டிய கூட்டத்தில் முதல் பாடமே பிறந்த ஆண்டில் பொய் என்றால், இதைக் கேட்க இந்த ஊரில் ஒருவர்கூட இல்லையா?

செம்பனைக்காரன்:
உலகத்தில் யாருமே செய்யாத ஒன்றை அவர் சொல்லிவிட்டதைப் போலப் பொங்குகிறீர்கள், அண்ணே. என் மகன் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டுப்பாடம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் வருகிறது. விடியற்காலையில் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகிறவன் நான், அவன் அம்மாவுக்கோ தொழிற்சாலையில் இரவு வேலை. பிள்ளையின் கையில் ஒரு கைப்பேசி இருந்தே ஆகவேண்டும். அதில் ஏதோ ஓர் ஆண்டைப் போட்டே ஆகவேண்டும். நான் 1984 என்று போட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

கங்காணி பேரன்:
வானம் விழாது, தம்பி, விழுவது வேறு. அந்த ஆண்டை வைத்துத்தான் எதிரில் இருப்பது பிள்ளையா பெரியவரா என்று நிறுவனம் முடிவு செய்கிறது. டிக்டாக்கில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிச்செய்தி வசதியே கிடையாது. அவர்களுடைய கணக்குகளைத் தாமாகவே பூட்டிய கணக்குகளாக 2021 ஜனவரியில் மாற்றினார்கள். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்வயதினருக்கென்று தனிக் கணக்குமுறை கொண்டுவந்தது. 1984 என்று போட்ட மறுகணமே இந்தக் காவல்கள் எல்லாம் கழன்று விடுகின்றன. உங்கள் மகன் நாற்பது வயது ஆண்மகனாகி விடுகிறான், நாற்பது வயதுக்காரருக்குக் காட்டும் விளம்பரமும் வீடியோவும் அவனைத் தேடி வருகின்றன. பூட்டை நீங்களே கழற்றிவிட்டு, திருடன் வருகிறான் என்று மண்டபத்தில் கூட்டம் போடுகிறீர்கள்.

செம்பனைக்காரன்:
நான் பேசியது புலனத்தைப் பற்றி; நீங்கள் டிக்டாக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தாவுகிறீர்கள். 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகம் கூடாது என்று 2025 டிசம்பர் 10-ஆம் தேதி தடை போட்ட ஆஸ்திரேலியாவே புலனத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதையும் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

கங்காணி பேரன்:
படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். சேர்க்கவில்லை, சரி. ஆனால் புலனத்தின் விதியும் 13 வயது என்றுதானே சொல்கிறது? பிறந்த ஆண்டு பொய்யா, இல்லையா? அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

கரும்பலகை:
நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்த 13 என்ற எண் அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து வந்தது. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளையின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்றதும், நிறுவனங்கள் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று 13-ஐ வாசற்படியாக வைத்துக்கொண்டன. பதின்மூன்றாவது பிறந்தநாளில் பிள்ளைக்குத் திடீரென்று பக்குவம் வந்துவிடும் என்று யாரும் ஆராய்ந்து வைத்த எண் அல்ல. எனவே இரண்டு பேரும் அந்த எண்ணை விட்டுவிட்டு, பிள்ளை அங்கே என்ன செய்கிறான், யாரிடம் பேசுகிறான் என்பதைப் பேசினால் நன்றாக இருக்கும்.

கங்காணி பேரன்:
வாத்தியார் ஐயா, எண்ணை விட்டுவிட முடியாது. நம் நாட்டிலும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று அரசாங்கம் 2025 நவம்பரிலேயே அறிவித்தது. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதிதான். நாளைக்கு அதைக் கேட்டால் 1984-க்கு எங்கே போவீர்கள்?

மூன்றாம் ஆண்டு அம்மா:
ஆண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். போன மாதம் பள்ளி விளையாட்டுப் போட்டியில், சட்டையெல்லாம் மைலோ கொட்டிக்கொண்டு அழுது நின்ற ஒரு பையனைப் படமெடுத்து, அதை ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் சுற்றவிட்டார்கள். “காலை வணக்கம்” என்று ஆசிரியர் எழுதினால்கூட அதற்குக் கீழே அந்த ஸ்டிக்கர்தான் வந்தது. அந்தப் பையன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. அனுப்பிய பிள்ளைகளை விசாரித்தால், “நான் செய்யவில்லை, எனக்கு வந்ததை அனுப்பினேன்” என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அன்பாக நடந்துகொள்ளக் கற்றுக்கொடுப்பதும் பாதுகாப்பில் சேராதா?

செம்பனைக்காரன்:
நன்றாகக் கேட்டீர்கள், அக்கா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன்னாள் தலைவர் கூட்டத்தில் வாயைத் திறந்தபடி தூங்கியதை ஸ்டிக்கராக்கி, பெரியவர்கள் குழுவில் யார் போட்டார் என்பதையும் கங்காணி பேரன் அண்ணனிடம் கேளுங்கள். பிள்ளைகள் அதை வானத்திலிருந்தா கற்றுக்கொண்டார்கள்?

கங்காணி பேரன்:
அதை நான் செய்யவில்லை. வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான். தவிர, அவர் சங்கக் கணக்கை ஒழுங்காகக் காட்டாதவர். அதற்கும் பிறந்த ஆண்டில் பொய் சொல்வதற்கும் என்ன தொடர்பு?

செம்பனைக்காரன்:
ஆகா! அனுப்பியவர் இப்போது ஊருக்கு ஒழுக்கம் போதிக்கிறார். தேர்தலில் அவரிடம் தோற்றதை இன்னும் மறக்கவில்லை என்று நேராகவே சொல்லிவிடலாமே.

கங்காணி பேரன்:
தோற்றது மூன்று ஓட்டில். அதிலும் இரண்டு ஓட்டுப் போட்டவர்களுக்குப் பள்ளியில் பிள்ளையே இல்லை. ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை: 1984 பொய்யா, இல்லையா?

மூன்றாம் ஆண்டு அம்மா:
மன்னிக்கவும், எனக்கு உண்மையாகவே உதவி தேவை. என் மகனிடம் ரோப்லோக்ஸ் இணைய விளையாட்டில் ஒருவன், பள்ளிச் சீருடையில் ஒரு படம் அனுப்பினால் ரோபக்ஸ் (அந்த விளையாட்டின் பணம்) தருவதாகச் சொல்லியிருக்கிறான். நல்லவேளையாக, மகனே என்னிடம் வந்து சொன்னான். நான் என்ன செய்யவேண்டும்?

கரும்பலகை:
முதலில் பையனைத் திட்டாதீர்கள், அம்மா. திட்டினால் அடுத்த முறை வந்து சொல்லமாட்டான். உரையாடலை அழிக்காமல் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு அந்த ஆளைத் தடைசெய்யுங்கள். விளையாட்டுக்குள்ளேயே புகாரும் கொடுங்கள். பாலியல் நோக்கத்தோடு பிள்ளையைத் தன்வயப்படுத்தப் பேசிப் பழகுவதே 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். படம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றில்லை. காவல் நிலையம் போகத் தயங்கினால் 15999 என்ற தாலியான் காசே (அரசாங்க உதவித் தொலைபேசி) எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கங்காணி பேரன்:
வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோர் அனுமதியின்றி விளையாட்டுக்கு வெளியே தனிச்செய்தி பேச முடியாதபடி ரோப்லோக்ஸ் 2024 நவம்பரிலேயே மாற்றிவிட்டது. அப்படியிருக்க அவன் எப்படி உள்ளே வந்தான்? உங்கள் மகன் கணக்கில் எந்த ஆண்டு இருக்கிறது, அம்மா?

செம்பனைக்காரன்:
பயந்துபோய் உதவி கேட்கிறவரை நீதிமன்றக் கூண்டில் நிறுத்துகிறீர்களே, அண்ணே! விளையாட்டுக்குள்ளேயே அவன் பேசியிருக்கலாமே, அதைக் கேட்டீர்களா?

மூன்றாம் ஆண்டு அம்மா:
என் கணவருடைய ஆண்டுதான், 1986. அதை மாற்ற எங்கே அழுத்துவது என்று யாராவது சொல்லுங்கள்.

கங்காணி பேரன்:
பார்த்தீர்களா? இதைத்தான் தொடக்கத்திலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன். அடுத்த கூட்டத்தில் வெளியாள் யாரும் வேண்டாம், நானே பேசுகிறேன். சங்கம் தேதி கொடுக்கட்டும்.

செம்பனைக்காரன்:
தேதி கேட்பதற்கு முன், தூங்கியவர் ஸ்டிக்கரைக் குழுவிலிருந்து அழியுங்கள். அப்புறம், அக்கா கேட்டது எங்கே அழுத்துவது என்று. அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?