புதுப்பிப்பு: பாலிஷர் வாங்கியாச்சு, பானெட்டும் பிழைத்தது

குளச்சல் கடற்காற்றில் நிற்கும் என் கறுப்புக் காரில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரி கீறல் தெரிகிறது, அதைத் தேய்த்தெடுக்கும் பாலிஷர் மெஷினில் ரோட்டரி வாங்கவா, டூயல் ஆக்‌ஷன் வாங்கவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் சொன்ன டூயல் ஆக்‌ஷனையே வாங்கினேன்.

காரணம் கையில் பிடித்ததும் புரிந்தது. ரோட்டரி சுற்றிச் சுற்றி ஒரே இடத்தைச் சூடேற்றும். நான் வாங்கியது ஆடிக்கொண்டே சுற்றுகிறது. அதிகம் அழுத்தினால் பேட் (தேய்க்கும் பஞ்சு) சுற்றுவதே நின்றுவிடும். பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கோடு சுற்றினால் வேலை நடக்கிறது.

முதல் நாள் சொதப்பல்தான். முற்றத்து வெயிலில் ஆரம்பித்தேன், தேய்க்கும் பசையான காம்பவுண்ட் காய்ந்து மாவாக அப்பிக்கொண்டது. மறுநாள் நிழலில், பானெட் ஆறிய பிறகு தொடங்கினேன். கழுவிய பின்னும் உள்ளங்கையில் சொரசொரப்பு தட்டியது; கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுக்கும் களிமண் கட்டி) போட்டதும் வழுவழு. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிசு, அங்கெல்லாம் மாஸ்கிங் டேப். முதலில் மென்மையான பேடில் ஓரடிச் சதுரம் சோதனை. அப்புறம் இரண்டிரண்டு அடியாக, மெதுவாக.

“என்ன மக்கா, வண்டிய மாத்திட்டியா?” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

டிக்கியில் நகம் மாட்டும் கீறல் ஒன்று இருக்கிறது. அதைத் தொடவில்லை. அது போக வேண்டுமென்றால் ஆழமாகத் தேய்க்கணும்; பெயிண்ட்டுக்கு மேலிருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டே தலைமுடி கனம்கூட இருக்காது.