வால்நூரில் மகசீருக்காகக் காத்திருந்தபோது

குடகு மாவட்டத்தில் குசால்நகருக்கும் சித்தாபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிச் செல்லும் மண்பாதையின் முடிவில் வால்நூர்க் காவிரி ஓடுகிறது. மகசீர் என்னும் பெரிய ஆற்று மீனைத் தூண்டிலில் பிடித்துப் பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன். திருச்சியிலும் ஈரோட்டிலும் அகன்று கிடக்கும் மணற்படுகையையே காவிரியாகப் பார்த்துப் பழகிய எனக்கு, மூங்கில் கவிந்து, பாறைகளுக்கிடையே சுழித்து, திடீரென்று ஆழ்ந்த கசமாக அடங்கிவிடும் அந்த ஆற்றை அடையாளம் கண்டுகொள்ளவே சற்று நேரம் பிடித்தது. ஒரு கரையில் காப்பியும் மிளகுக்கொடியும் இருக்க, மறுகரைப் பக்கம் துபாரே காடு இருக்கிறது. கடை கிடையாது, கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதும் அரிது. ஆகவே அரிசி, எண்ணெய், மின்கல விளக்கு, கொசு வலை முதல் தீப்பெட்டி வரை குசால்நகரிலேயே வாங்கிக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

இந்தப் பகுதியில் மீன்பிடி அனுமதியைக் குடகு வனவிலங்குச் சங்கம் நெடுங்காலம் நிர்வகித்து வந்திருக்கிறது. பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விட்டுவிடவேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. அனுமதிமுறை மாறக்கூடியது என்பதால், செல்வோர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. குழம்பு வைக்கும் எண்ணத்தோடு வருபவர்களுக்கு இது ஏற்ற இடமன்று.

எங்களுக்குத் துணையாக வந்தவர் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெரியவர். கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி, கொதிநீரில் போட்டு வேகவைத்து எடுத்ததுதான் இரை. உருண்டை ரப்பர் போல இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில்லறை மீன்கள் அதைக் கொத்தியே தீர்த்துவிடும். உருண்டையை முள்ளில் கோத்து, ஈயக்குண்டுடன் நீரோட்டத்தின் ஓரமாக எறிந்துவிட்டு, தூண்டில்கோலைக் கையில் பிடித்தபடி பாறையில் அமர்ந்திருந்தோம். காலை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நீர்நாய்கள் எதிர்க்கரையோரம் தலை தூக்கிப் பார்த்து, எங்களைப் பொருட்படுத்தாமல் மூழ்கிப் போயின. அவை வந்துவிட்டால் அந்தக் கசத்தில் இனி மீன் கடிக்காது என்று பெரியவர் இடத்தை மாற்றச் சொன்னார்.

மாலையில் கடித்தது. அந்தக் கணத்தைக் கடி என்று சொல்வதே பொருந்தாது. கோல் அப்படியே வளைந்து கையை முன்னே இழுக்க, ரீல் கிறீச்சிட்டுத் தூண்டில் நரம்பு பாய்ந்தோடியது. “இழுக்காதீங்க சார், ஓடவிடுங்க. பாறைக்கு அடியில மட்டும் போகவிடாதீங்க” என்று பெரியவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்பது எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. கடைசியில் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்த மீன் நான்கைந்து கிலோ இருக்கலாம். உள்ளங்கையை மறைக்கும் செதில்கள் அல்ல என்றாலும், ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய்க் காசுக்குக் குறையாது. மகசீருக்குத் தாடையில் பல் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் நத்தையையும் நண்டையும் நொறுக்குகிறது. அதனால் விரலை வாய்க்குள் ஆழமாக விடக் கூடாது என்று பெரியவர் எச்சரித்தார்.

அதன் துடுப்புகள் நீலஞ்சாம்பல் நிறத்தில் இருந்தன. இது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமே. காவிரிக்கே உரிய மகசீர், ஆரஞ்சு நிறத் துடுப்பும் தலைக்குப் பின் எழும்பிய திமிலும் கொண்டது. நீலத்துடுப்பு இனமோ மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாட்டா மின் நிறுவனத்தின் பண்ணையில் வளர்க்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு காவிரியில் விடப்பட்ட குஞ்சுகளின் வழிவந்தது. கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புப் பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தபோதுதான், நீலத்துடுப்பு பெருகப் பெருகத் திமில் மகசீர் அருகிப்போனது வெளிப்பட்டது. பொழுதுபோக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இவ்வளவு பயன்பட்டிருப்பதால், பிடித்த மீனின் நிறத்தையும் எடையையும் தேதியோடு எழுதிவைக்காமல் யாரும் ஆற்றை விட்டு வரக் கூடாது என்பது என் கருத்து. அந்தத் திமில் மீனுக்கு நெடுங்காலம் அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. அமராவதியில் கலக்கும் பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்ட இனமே அது என்று 2018இல்தான் தெளிவானது.

இரவில் கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது மறுகரையில் மூங்கில் முறியும் சத்தம் நெடுநேரம் கேட்டது. யானைகள்தான். அவை ஆற்றைக் கடந்து தோட்டத்துக்குள் வருவது அங்கே வழக்கம் என்பதால், கூடாரத்தை நீரோரம் அடிக்காமல் தோட்டத்து வீட்டுக்கு அருகிலேயே அடிக்கும்படி பெரியவர் முன்பே பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். பலாப்பழக் காலத்தில் அங்கே தங்கவே வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

செல்ல விரும்புவோர் மழை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு, நவம்பரிலிருந்து திட்டமிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறு கரைபுரண்டு ஓடும். கால் வைக்கவே இடமிருக்காது. தூண்டில் முள்ளில் மீன் கழன்றுவிடாமல் பிடிக்கும் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்காக அதை மார்போடு அணைத்துத் தூக்காமல், நீரிலேயே தலையை ஓட்டத்தின் எதிர்த்திசையில் வைத்துப் பிடித்திருந்தால், சற்று நேரத்தில் தானே வாலடித்துப் போய்விடும்.