உதவி: விண்டோஸ் 11 போடும்போது டிரைவே காட்டல, அவசரம்

வேனில் | ஞாயிறு இரவு 8.12
வணக்கம். விண்டோஸ் 11 புதுசா போடலாம்னு பென்டிரைவ் ரெடி பண்ணி பூட் பண்ணேன். மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டுட்டு அடுத்தடுத்து போச்சு. எங்க இன்ஸ்டால் பண்ணணும்னு கேக்குற பக்கத்துல லிஸ்ட் காலியா இருக்கு. டிரைவ் எதுவும் கிடைக்கலைன்னு வருது. பென்டிரைவை மாத்தியும் பாத்துட்டேன், அதேதான். நாளைக்குக் காலைல லேப்டாப் கண்டிப்பா வேணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மின்மினி | 8.19
என்ன ப்ராசஸர்? எஸ்எஸ்டியா, பழைய ஹார்ட் டிஸ்க்கா? இப்போ உள்ள இருக்குற விண்டோஸ் ஓடுதா இல்லையா? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

ஆலமரம் | 8.22
பென்டிரைவ் தயார் பண்ணதுலதான் கோளாறு. இப்போ வர்ற இன்ஸ்டால் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டிடுது. ஃபேட்32ங்கிற பென்டிரைவ் ஃபார்மேட்ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல நிக்காது. ஐஎஸ்ஓவை (விண்டோஸ் மொத்தமும் அடங்கின ஃபைல்) அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணீங்களா? அப்படிப் பண்ணியிருந்தா அந்த ஃபைல் பாதியில நின்னிருக்கும். ரூஃபஸ்ங்கிற டூல் வெச்சு மறுபடி எழுதுங்க, சரியாயிடும்.

இரவுப்பறவை | 8.25
எஸ்எஸ்டி போயிருக்கும். எனக்கு போன வருஷம் இப்படித்தான் திடீர்னு காணாம போச்சு. புதுசு வாங்கிப் போட்டப்புறம்தான் வந்துச்சு. முதல்ல பேக்கப் இருக்கான்னு பாருங்க.

வேனில் | 8.31
எஸ்எஸ்டி போகலைங்க. பென்டிரைவைப் பிடுங்கிட்டா பழைய விண்டோஸ் 10 நல்லாவே ஓடுது, அதுல இருந்துதான் இதை டைப் பண்றேன். பென்டிரைவ் மைக்ரோசாஃப்ட் டூல்லயே பண்ணது. டி டிரைவ்ல என் வேலை மொத்தமும் இருக்கு, அது போகக் கூடாது.

மின்மினி | 8.33
அப்போ டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. ஆலமரம் சொன்னதும் இல்ல, அந்த டூல் 4 ஜிபிக்குள்ள வர்ற மாதிரி சுருக்கித்தான் எழுதும். ப்ராசஸர் என்னன்னு இன்னும் சொல்லல நீங்க. டி டிரைவுக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா?

கட்டளைவரி | 8.40
இந்தக் கேள்விக்கு நானே எத்தனையோ தடவை பதில் எழுதியிருக்கேன். கேக்குறதுக்கு முன்னாடி தேடிப் பாக்குற பழக்கம் யாருக்குமே இல்ல. விஷயம் சின்னது: உங்க டிஸ்க்கைப் பிரிச்சிருக்குறது பழைய எம்பிஆர் முறையில, இன்ஸ்டாலர் ஓடுறது யூஇஎஃப்ஐங்கிற புது பூட் முறையில. அதுக்கு டிஸ்க் ஜிபிடிங்கிற புது முறையில பிரிஞ்சிருக்கணும். அந்தக் காலிப் பக்கத்துல ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேத்து அழுத்துங்க, கறுப்பு விண்டோ வரும். டிஸ்க்பார்ட்னு அடிச்சு, லிஸ்ட் டிஸ்க் கொடுங்க. ஜிபிடிங்கிற வரிசையில நட்சத்திரக் குறி இல்லைனா நான் சொன்னதுதான். இவ்வளவு அடிப்படை கூட தெரியாம ஓஎஸ் போட உக்காரக் கூடாது.

தறி | 8.43
அதே டிஸ்க்பார்ட்ல செலக்ட் டிஸ்க் 0, அப்புறம் க்ளீன்னு கொடுத்துடுங்க ப்ரோ. எல்லாம் புதுசாயிடும். நான் எப்பவும் அப்படித்தான் பண்றது.

மின்மினி | 8.44
வேனில், க்ளீன் கொடுக்காதீங்க! டிஸ்க்ல உள்ள பார்ட்டிஷன் அத்தனையும் ஒரே நொடியில போயிடும், டி டிரைவும் சேத்துத்தான். உறுதியாவான்னு ஒரு வார்த்தை கூட அது கேக்காது. அதுவுமில்லாம உங்களுக்கு டிஸ்க்கே தெரியலைன்னா டிஸ்க் 0ங்கிறது உங்க பென்டிரைவாவே இருக்கும். தறி, ஒருத்தர் டேட்டா இருக்குன்னு சொன்னப்புறம் அந்தக் கட்டளையைக் கொடுக்காதீங்க, பாவம்.

வேனில் | 9.02
லிஸ்ட் டிஸ்க் பாத்தேன். ஒரே ஒரு டிஸ்க்தான் வருது, 14 ஜிபி. அது பென்டிரைவ். வேற எதுவும் இல்ல.

கட்டளைவரி | 9.06
அப்போ பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற லேப்டாப் செட்டிங்ஸ்) பழைய லெகஸி பூட் மோட்ல இருக்கும். யூஇஎஃப்ஐக்கு மாத்துங்க.

நீலாம்பல் | 9.15
கட்டளைவரி சார், எம்பிஆர் பிரச்சினைனா டிஸ்க் லிஸ்ட்ல வரும். அதைத் தேர்ந்தெடுத்தப்புறம்தான் இதுல இன்ஸ்டால் பண்ண முடியாதுன்னு சொல்லும். இங்க லிஸ்ட்டே காலி. டிஸ்க்பார்ட்டுக்கும் தெரியல. ஆனா பழைய விண்டோஸுக்கு மட்டும் தெரியுது. அப்போ பழைய விண்டோஸ்கிட்ட இருக்குற ஏதோ ஒரு டிரைவர் இன்ஸ்டாலர்கிட்ட இல்லைன்னு அர்த்தம்.

வேனில், உங்க ப்ராசஸர் இன்டெல் 11ஆம் தலைமுறை, இல்ல அதுக்கு மேலயா?

வேனில் | 9.18
ஆமா ஐ5, 11ஆம் தலைமுறை. 2021ல வாங்கினது. அது முக்கியமான்னு தெரியாது, அதான் சொல்லல.

நீலாம்பல் | 9.37
அதுதான் முக்கியம். 11ஆம் தலைமுறையில இருந்து நிறைய லேப்டாப்புல விஎம்டின்னு ஒரு கன்ட்ரோலர் ஆன் ஆகியே வருது. எஸ்எஸ்டி அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னாடி உக்காந்திருக்கும். அதோட பேச ஆர்எஸ்டிங்கிற டிரைவர் வேணும். உங்க விண்டோஸ் 10ல லேப்டாப் கம்பெனி அதைப் போட்டே கொடுத்திருக்கு, அதனால ஓடுது. பென்டிரைவ்ல இருக்குற இன்ஸ்டாலர்ல அது இல்ல, அதனால எஸ்எஸ்டி இருக்குறதே அதுக்குத் தெரியல. உங்க டிஸ்க்குக்கும் ஒண்ணும் இல்ல, பென்டிரைவுக்கும் ஒண்ணும் இல்ல.

செய்ய வேண்டியது: பழைய விண்டோஸ்ல இருந்தே உங்க லேப்டாப் மாடலுக்கான சப்போர்ட் பக்கத்துக்குப் போய் ஆர்எஸ்டி டிரைவரை இறக்குங்க. எங்கயோ தேடி இருக்குறதுலயே புதுசை எடுக்காதீங்க, புது பதிப்புகள் உங்க தலைமுறையைச் சேர்க்காம விட்டிருக்கலாம். இங்கதான் பலரும் தடுக்கி விழறாங்க: இறக்கினது இஎக்ஸ்இ ஃபைலா இருந்தா அதை அப்படியே பென்டிரைவ்ல போட்டுப் பிரயோஜனம் இல்ல. இன்ஸ்டாலருக்கு டிரைவர் விவரம் இருக்குற ஐஎன்எஃப் ஃபைல்தான் வேணும். அதனால இஎக்ஸ்இயை விரிச்சு எடுக்கணும். இன்டெல் கொடுக்குற ஃபைலா இருந்தா, கட்டளை விண்டோவுல ஃபைல் பேருக்குப் பின்னாடி ஒரு ஹைஃபன் போட்டு எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்னு சேத்து அடிச்சு, ஃபோல்டர் பேரும் கொடுத்தா பிரிஞ்சு வரும். உள்ள ஐஏஸ்டோர்விடின்னு ஒரு ஐஎன்எஃப் இருக்கான்னு பாருங்க. அந்த ஃபோல்டரை முழுசா பென்டிரைவ்ல போட்டு, காலியா வர்ற பக்கத்துல லோட் டிரைவர் அழுத்தி அதைக் காட்டுங்க. டிஸ்க் வந்துடும்.

ஆனா இன்னிக்கு ராத்திரியே முடிக்கணும்னு பண்ணாதீங்க. முதல்ல டி டிரைவைக் காப்பி எடுங்க.

தறி | 9.41
இவ்வளவு எதுக்கு? பயாஸ்ல விஎம்டியை டிசேபிள் பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை. சில லேப்டாப்புல மெயின் பக்கத்துல கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேத்து அழுத்தினாதான் அந்த வரியே தெரியும்.

நீலாம்பல் | 9.44
டிஸ்க்கை முழுசா அழிக்கப் போறவங்களுக்கு அது சரி. இவரோட பழைய விண்டோஸ் இன்னும் வேணும். விஎம்டியை நிறுத்தினா அது பூட் ஆகாது. வேனில், கொஞ்சம் பொறுங்க.

வேனில் | 10.20
விஎம்டி ஆஃப் பண்ணிட்டேன், நீலாம்பல் எழுதினதை அப்புறம்தான் பாத்தேன். இன்ஸ்டாலர்ல டிஸ்க் வந்துச்சு. ஆனா பயமா இருந்துச்சு, எதையும் தொடாம வெளிய வந்துட்டேன். இப்போ பழைய விண்டோஸ் திறக்க மாட்டேங்குது. நீலத் திரையில ஏதோ ரெக்கவரி கீ, 48 எண் கேக்குது. நான் எந்தப் பாஸ்வேர்டும் போட்டதே இல்ல. டி டிரைவ் போச்சா? ஃபோன்ல இருந்து எழுதறேன்.

மின்மினி | 10.22
போகல. எதையும் ஃபார்மேட் பண்ணாதீங்க, எதையும் டெலீட் பண்ணாதீங்க. அது போதும் இப்போதைக்கு.

நீலாம்பல் | 10.29
பதறாதீங்க, ஒரு ஃபைலும் அழியல. உங்க லேப்டாப்புல டிஸ்க்கையே பூட்டி வைக்குற டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாவே ஆன் ஆகியிருக்கு. நீங்க பாஸ்வேர்டு போடலைனாலும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல முதல் தடவை உள்ள நுழையறப்பவே அது ஆன் ஆகிடும். சாவியை உள்ள இருக்குற டிபிஎம் சிப் வெச்சிருக்கும். பயாஸ்ல அமைப்பை மாத்தினதும், இது நான் பாத்த அதே மெஷின் இல்லையோன்னு அந்தச் சிப் சாவியைத் தர மறுக்குது. அதனால உங்ககிட்ட கேக்குது.

மறுபடி பயாஸுக்குப் போய் விஎம்டியை ஆன் பண்ணுங்க. வேற எதையாவது மாத்தியிருந்தா அதையும் இருந்தபடி வைங்க. பெரும்பாலும் கேக்காமலே திறந்துடும். திறக்கலைன்னா, லேப்டாப்பை முதன்முதல்ல யாரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல செட் பண்ணீங்களோ அந்த அக்கவுன்ட்ல ஃபோன் வழியாப் போய்ப் பாருங்க. டிவைஸ் பக்கத்துல அந்த 48 எண் இருக்கும். திரையில ஒரு கீ ஐடி காட்டுதுல்ல, அதோட முதல் எழுத்துகள் பொருந்துறதை எடுங்க.

இரவுப்பறவை | 10.34
லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுறது) பூட் பண்ணி ஃபைலை எடுத்துடலாமே? விஎம்டி டிரைவர் லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு, டிஸ்க் நேராத் தெரியும். அப்படியே லினக்ஸுக்கே மாறிடுங்க, இந்தத் தொல்லையே இருக்காது.

மின்மினி | 10.37
டிஸ்க் தெரியும், ஆனா என்க்ரிப்ட் ஆகியிருக்கே. லினக்ஸ்லயும் அந்த 48 எண் இல்லாம உள்ள போக முடியாது. நாளைக்குக் காலைல வேலை இருக்குறவரை இன்னிக்கு ராத்திரி ஓஎஸ் மாறச் சொல்றது நியாயமா?

பழையகீபோர்டு | 10.50
எனக்கு ஆரம்பத்துல இருந்தே ஒண்ணு புரியல. பழைய விண்டோஸ் நல்லா ஓடுதுன்னா எதுக்கு பென்டிரைவ்ல பூட் பண்ணணும்? விண்டோஸ் 10 திறந்திருக்கும்போதே ஐஎஸ்ஓவை டபுள் க்ளிக் பண்ணி உள்ள இருக்குற செட்டப்பை ஓட்டினா போதும். ஏற்கெனவே இருக்குற ஆர்எஸ்டி டிரைவரையே எடுத்துக்கும். ஃபைலும் இருக்கும், புரோகிராமும் இருக்கும். பிடிக்கலைனா 10 நாளைக்குள்ள பழையதுக்கே திரும்பலாம்.

கட்டளைவரி | 10.58
அப்கிரேடுங்கிறது பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. பழைய குப்பை அத்தனையும் உள்ளயே இருக்கும். எதையும் முறையாச் செய்றவங்க எல்லாத்தையும் அழிச்சுட்டு க்ளீனாத்தான் போடுவாங்க. பத்து வருஷமா நான் வேற மாதிரி போட்டதில்ல.

பழையகீபோர்டு | 11.06
வைரஸ் புகுந்த மெஷின், ரெஜிஸ்ட்ரி குழம்பிப் போன மெஷின், வேற ஒருத்தர்கிட்ட வாங்கின மெஷின்னா நீங்க சொல்றதை ஒத்துக்கறேன். நல்லா ஓடற மெஷினுக்கு எதுக்கு? க்ளீனாப் போட்டா இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியாத மாதிரியே வைஃபையும் தெரியாம போகலாம். ஹோம் எடிஷன் முதல் செட்டப்புல இன்டர்நெட் இல்லாம நகராது. அந்தப் பக்கத்துல வந்து நின்னுட்டு உதவி கேட்டவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க அடிக்கடி மறக்குறது: பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல டைப் பண்ண ஃபைல் யார்கிட்டயாவது இருந்தா, சி டிரைவை அழிக்கறதுக்கு முன்னாடி அந்த எழுத்துரு ஃபைலைத் தனியா எடுத்து வைங்க. எழுத்துரு போச்சுன்னா ஃபைல் இருந்தும் தமிழுக்குப் பதிலா ஆங்கில எழுத்தும் குறியுமாத்தான் தெரியும். என் பழைய கடிதங்களை அப்படித்தான் ஒரு வாரம் படிக்க முடியாம வெச்சிருந்தேன்.

கட்டளைவரி | 11.10
எழுத்துருவுக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் யூனிகோடுக்கு மாறாதவங்களுக்கு யார் என்ன செய்ய முடியும்?

பழையகீபோர்டு | 11.17
மாறியாச்சு சார். ஆனா அதுக்கு முன்னாடி டைப் பண்ண ஃபைல் தானா மாறாதே. அதை மாத்தினாலும் சரியா வந்திருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்க முதல்ல அது ஒழுங்காத் தெரியணும்.

ஆலமரம் | 11.25
விண்டோஸ் 10ல இருந்து மாற அப்படி என்ன அவசரம்?

மின்மினி | 11.31
2025 அக்டோபர் 14ஓட அதுக்கு ஆதரவு முடிஞ்சது. தனியாப் பதிவு பண்ணிக்கிட்டா வீட்டு மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதனால மாறணும்னு அவர் நினைக்கிறது சரிதான், ஆனா இன்னிக்கு ராத்திரியேன்னு இல்ல. 11ஆம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 கேக்குற டிபிஎம், செக்யூர் பூட் எல்லாம் இருக்கு, எந்தக் குறுக்கு வழியும் தேவைப்படாது. வேனில், திறந்துச்சா?

நீலாம்பல் | 11.52
வேனில், என்ன ஆச்சு? திறந்துட்டா உடனே அந்த 48 எண்ணைப் பேப்பர்ல எழுதி வைங்க. அடுத்த தடவை பயாஸைத் தொடறதுக்கு முன்னாடி என்க்ரிப்ஷனைத் தற்காலிகமா நிறுத்திடுங்க.

தறி | திங்கள் காலை 7.30
என்னாச்சு ப்ரோ? நான் சொன்னதால ஆயிடுச்சுன்னா மன்னிச்சிருங்க. என் லேப்டாப்புல என்க்ரிப்ஷன் கிடையாது, அது யோசனையிலயே வரல.

வேனில் | செவ்வாய் இரவு 9.05
மன்னிக்கணும், நேத்து எழுத நேரமில்ல. விஎம்டி ஆன் பண்ணியும் ஒரு தடவை எண் கேட்டுச்சு. லேப்டாப்பை முதல்ல செட் பண்ணது அக்கா, அவங்க அக்கவுன்ட்ல இருந்துச்சு. டி டிரைவைக் காப்பி எடுத்துட்டு, பழையகீபோர்டு அண்ணா சொன்ன மாதிரி உள்ள இருந்தே செட்டப் ஓட்டினேன். விண்டோஸ் 11 வந்துடுச்சு. தறி, பரவாயில்ல. எல்லாருக்கும் நன்றி.

நீலாம்பல் | 9.20
சந்தோஷம். சாவி அக்கா அக்கவுன்ட்ல மட்டும் இருக்க வேண்டாம், பேக்கப் எடுத்து உங்ககிட்டயும் ஒண்ணு வைங்க.

கட்டளைவரி | 9.34
எத்தனை நாள் ஓடுதுன்னு பாப்போம்.

மருதநிழல் | புதன் மதியம் 1.10
எனக்கும் இதே மாதிரி டிரைவ் காட்டல. லோட் டிரைவர் கொடுத்தா ஃபோல்டர் காலின்னு வருது. என்ன பண்றது?

மின்மினி | 1.14
ப்ராசஸர் என்ன? போட்டது இஎக்ஸ்இயா, விரிச்ச ஃபோல்டரா? டிஸ்க்ல வேணுங்கிற டேட்டா ஏதாவது இருக்கா?