கேள்வித்தாளின் முதல் பக்கம்: வளைகுடா வார்டுகளில் இருந்து சில அனுபவங்கள்

சவூதி, முன்னாள் ஹெட் நர்ஸ்

வளைகுடா மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களும் பார்ப்பவர்களும் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அங்கே நர்சிங் நிர்வாகம் எப்படி நடக்கிறது, வார்டுக்கு வரும் ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று நீங்கள் கண்டதை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

சவூதியில் இருந்தவர்களுக்கு ஓவிஆர் தெரியும். மருந்து மாறினாலோ, நோயாளி கட்டிலில் இருந்து விழுந்தாலோ, தவறு நடக்கவிருந்து கடைசி நேரத்தில் தடுத்துவிட்டாலோ எழுதித் தர வேண்டிய அறிக்கை. யார் மீதும் பழி போட அல்ல, ஓட்டை எங்கே என்று பார்க்கத்தான் என்று ஓரியண்டேஷனில் சொல்வார்கள். நான் முதலில் சேர்ந்த மருத்துவமனையில் நடந்தது வேறு.

ஒரே வார்டில் இரண்டு முகமது அப்துல்லா இருந்தார்கள். அங்கே பெயர் என்றால் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர் என்று நான்கும் சேர்ந்தது. முதல் இரண்டும் ஒன்றாக இருப்பது சாதாரணம். அதனால் நான்கு பெயரையும், நோயாளியின் பதிவு எண்ணான எம்ஆர்என் நம்பரையும் பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது என்பது விதி. ஒருவருடைய ரத்தத்தில் மற்றவருடைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை, லேபுக்குப் போவதற்கு முன்பே மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள். முறைப்படி ஓவிஆர் எழுதினாள். மறுநாள் சூப்பர்வைசர் அறையில் அவளையே நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டார்கள். அதன் பிறகு பல மாதங்களுக்கு அந்த வார்டில் இருந்து ஓவிஆரே போகவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் அதை முன்னேற்றம் என்று காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நோயாளிப் பாதுகாப்பு பற்றிய கேள்வித்தாள் வந்தது. அமெரிக்காவில் உருவாக்கி, அரபியிலும் மொழிபெயர்த்து, பல நாடுகளில் பயன்படுத்தும் தாள். பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தது. ஆனால் முதல் பக்கத்திலேயே எந்த நாடு, ஆணா பெண்ணா, எந்த வார்டு, எத்தனை வருட அனுபவம் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வார்டில் இந்திய ஆண் நர்ஸ் ஒருவர்தான். அவர் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? போதாததற்கு, நிரப்பிய தாள்களை வாங்கிக்கொண்டவர் அதே சூப்பர்வைசர். அவர் போடும் மதிப்பீட்டை வைத்துத்தான் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள், ஒப்பந்தம் இருந்தால்தான் இகாமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி. எல்லோரும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

லெபனான், சவூதி, ஓமான், பாலஸ்தீனம் என்று இந்தத் தாளை வைத்து நடந்த ஆய்வுகளில், ‘தவறு நடந்தால் தண்டிக்காத அணுகுமுறை’ என்ற பகுதி மிகக் குறைந்த மதிப்பெண்ணே வாங்கியிருக்கிறது. பயந்து நிரப்பிய தாள்களும் அதில் கலந்திருக்கும். அப்படியும் இந்த நிலை என்றால், உண்மை இன்னும் மோசமாக இருக்கும் என்பது என் கருத்து.

பிறகு வேறு மருத்துவமனைக்கு மாறினேன். அங்கே குவாலிட்டி பிரிவுக்கு லெபனானில் இருந்து ஒரு மேடம் வந்திருந்தார். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் வேலை பார்த்தவர். மத்தியக் கிழக்கில் முதன்முதலாக, 2009ல், சிறந்த நர்சிங் சேவைக்காக அமெரிக்க அமைப்பு தரும் மேக்னெட் அங்கீகாரம் வாங்கிய இடம் அது. அந்த அங்கீகாரத்துக்கு, வார்டு முடிவுகளில் நர்ஸ்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். இவரும் அந்தப் பழக்கத்தோடு வந்தார். அதே கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் இருந்து நாட்டையும் வார்டையும் எடுத்துவிட்டார். கேண்டீன் வாசலில் பூட்டிய பெட்டி வைத்தார். சாவி ஆய்வு நெறிமுறைக் குழுவிடம், அதாவது ஐஆர்பி அலுவலகத்தில்.

மதிப்பெண் படுமோசமாக வந்தது. அவர் அதை அப்படியே நிர்வாகக் கூட்டத்தில் திரையில் போட்டார். அடுத்த சில மாதங்களில் ஓவிஆர்கள் குவிந்தன, பாதிக்கு மேல் லேபிள் பிரச்சினை. அதன் பிறகு கட்டிலருகிலேயே ஸ்டிக்கர் அச்சிடும் சின்ன பிரிண்டர்கள் வந்தன. அந்த மார்த்தாண்டத்துப் பெண் எழுதியதை அன்றே ஒழுங்காகப் படித்திருந்தால் அந்த முதல் மருத்துவமனையிலும் இந்த பிரிண்டர் வந்திருக்குமே என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

அல் அஹ்ஸா, டயாலிசிஸ்

அக்கா, எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். நாங்கள் எழுதி வைத்த தாளை ஆய்வுக்காரர்கள் தேடி வந்தார்கள்.

2013ல் அல் அஹ்ஸா பக்கம் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் இருந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் ஜித்தாவில் இறந்த ஒரு நோயாளியின் சாம்பிளில் எகிப்தைச் சேர்ந்த டாக்டர் அலி முகமது ஸகி, மூச்சு மண்டலத்தைத் தாக்கும் மெர்ஸ் வைரஸைக் கண்டுபிடித்திருந்தார். 2013 ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் பகுதியில் 23 பேருக்கு உறுதியானது. அதில் 21 பேருக்கு டயாலிசிஸ், ஐசியு, வார்டு என்று மருத்துவமனைகளுக்குள்ளேயே ஒருவரிடம் இருந்து ஒருவருக்குத் தொற்றியிருந்தது. எங்கள் யூனிட்டில் யாருக்கும் வரவில்லை. ஆனாலும் டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் யாரும் யாரோடும் பேச மாட்டோம்.

தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு வந்து முதலில் கேட்டது பழைய அசைன்மென்ட் ஷீட்களை. எந்த மெஷினில் யார், எந்த ஷிப்டில், பக்கத்து நாற்காலியில் யார், இரண்டு பேரையும் பார்த்த நர்ஸ் யார் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. எண்டார்ஸ்மெண்ட், அதாவது அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது, முடிந்ததும் கோப்பில் செருகிவிட்டு நாங்கள் திரும்பிப் பார்க்காத தாள். எங்கள் பிலிப்பினோ சார்ஜ் நர்ஸ் ஒரு நாள் தவறாமல் கோத்து வைத்திருந்தார், இடையில் மாறிய நாற்காலிகளைக்கூட குறித்திருந்தார். அவற்றைப் புரட்டியவர்கள் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நிர்வாகமும் வேகமாக மாறியது. மெஷின்களை நகர்த்தி இடைவெளி விட்டார்கள். என்95 மாஸ்க் எல்லோருக்கும் பொருந்துகிறதா என்று சோதித்தார்கள். தாடி வைத்த சகோதரர்களுக்கு அது படியாது, அவர்களுக்குத் தலையை மூடி காற்றை வடிகட்டித் தரும் கருவி வந்தது. ஒட்டகத்துக்கும் இதற்கும் தொடர்பு தெரிந்த பிறகு, வாசலில் காய்ச்சல், இருமலோடு ஒட்டகம் பற்றியும் கேட்க வேண்டியதாயிற்று. ஒட்டகம் வளர்க்கும் ஒரு பெரியவர் எங்களுக்காக ஃபிளாஸ்கில் பால் கொண்டு வருவார். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு சவூதி நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் பால் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்.

2014ல் ஜித்தாவில் மட்டும் 255 பேருக்கு வந்தது. பலருக்கு மருத்துவமனையில் இருந்துதான். அங்கிருந்து ராஜினாமா செய்துவிட்டுப் போன நம் ஊர்ப் பிள்ளைகளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

தோஹா, ஆய்வு உதவியாளர்

நான் மட்டக்களப்புப் பக்கம். தோஹாவில் தாதியாக இருந்துவிட்டு ஆய்வு வேலைக்கு மாறினேன். அரபு ஓரளவு கதைப்பேன். நீரிழிவு உள்ள வயதான பெண்களை வீட்டில் சந்தித்துக் கேள்வி கேட்பதுதான் வேலை.

கேட்பது தாயிடம், பதில் வருவது மகனிடம் இருந்து. ஊசி ஒழுங்காகப் போடுகிறாரா என்றால், "போடுவார், போடுவார்" என்பார் மகன். தாய் என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அங்கே மகன் தாய்க்குக் காட்டும் மரியாதை உண்மையானது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என்னுடைய தாளில் மகனின் பதிலைத் தாயின் பதில் என்று எழுத முடியுமா?

பிறகு அசர் தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசல் போகும் நேரம் பார்த்துப் போகத் தொடங்கினேன். மகளோ மருமகளோ கஹ்வாவும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைப்பார்கள். பணிப்பெண்ணும் வந்து இருப்பாள். அநேகமான வீடுகளில் ஊசி போடுவது அவள்தான், எத்தனை யூனிட் என்று சரியாகத் தெரிந்தவளும் அவள்தான். எங்களுடைய படிவத்தில் அவளுக்கு ஓர் இடமே இல்லை. மேலிடத்தில் சொல்லி, ‘மருந்து கொடுப்பவர் யார்’ என்று ஒரு கேள்வி சேர்த்தோம்.

ரியாத், எமர்ஜென்சி

தோஹா சகோதரி சொன்னது நூற்றுக்கு நூறு. ரமலானில் மஃரிபுக்கு, அதாவது நோன்பு திறக்கும் நேரத்துக்கு, முந்தைய ஒரு மணி நேரம் எங்கள் எமர்ஜென்சிக்கு வந்து பாருங்கள், சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் வரிசையாக வருவார்கள். 13 நாடுகளில் நடத்தி 2004ல் வெளியிட்ட எபிடியார் ஆய்வில், டைப் 2 நோயாளிகளுக்குக் கடுமையாகச் சர்க்கரை இறங்குவது ரமலானில் 7.5 மடங்கு கூடியதாகச் சொல்லியிருந்தார்கள்.

நிர்வாகத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ரமலானில் முஸ்லிம் ஊழியர்களுக்கு 6 மணி நேர வேலை. அது அவர்கள் உரிமை. ஆனால் ரோஸ்டர் போடுபவர் கவனிக்காவிட்டால், கூட்டம் அதிகமாகும் அந்த மணி நேரத்தில்தான் ஆள் குறையும். எங்கள் ஹெட் நர்ஸ் ஜோர்டான்காரர். முந்தைய வருட ரெஜிஸ்டரை எடுத்து, சர்க்கரை இறங்கி வந்தவர்களை மணிவாரியாக எண்ணி, அதை வைத்து ஷிப்ட் போட்டார். நோன்பு வைத்தவர்கள் நோன்பு திறக்கும்போது மற்றவர்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டோம்.

புதுசாக வந்தவள், ரியாத்

நாகர்கோவில்தான் என் ஊர். ப்ரோமெட்ரிக் தேர்வு, டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடித்து இப்போதுதான் வந்தேன். ஸ்டாஃப் நர்ஸாக இருந்துகொண்டு ஆய்வு செய்ய முடியுமா அக்கா? அதெல்லாம் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு என்று இங்கே சீனியர்கள் சொல்கிறார்கள்.

சவூதி, முன்னாள் ஹெட் நர்ஸ்

முடியும்மா. மேலே ரெஜிஸ்டரை எண்ணிய ஜோர்டான் ஹெட் நர்ஸ் செய்ததே அதற்கு முதல் படி. சவூதியில் தேசிய உயிர்நெறிக் குழுவின் ஆய்வு நெறிமுறைப் பாடம் ஆன்லைனில் இருக்கிறது, முதலில் அந்தச் சான்றிதழை வாங்கு. உன் வார்டில் தினமும் உன்னை உறுத்தும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள், பெரிதாக வேண்டாம். ஆய்வு அனுபவம் உள்ள ஒருவரை, டாக்டரோ எஜுகேட்டரோ, முதன்மை ஆய்வாளராக வைத்து ஐஆர்பிக்கு விண்ணப்பம் போடு. கட்டுரையில் உன் பெயர் எந்த இடத்தில் வரும் என்று வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடு, வாய்ப்பேச்சு போதாது. ஐஆர்பி அனுமதி வரும்வரை ஒரு நோயாளியின் எம்ஆர்என்கூட உன் நோட்டில் இருக்கக்கூடாது.

கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால், நிரப்பிய தாளை உன் ஹெட் நர்ஸ் கையில் கொடுக்கச் சொல்லாதே. முதல் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.