டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் போர்டு: 8 ஓம் ஸ்பீக்கரை ரெண்டு ரெண்டா கோர்த்தா கட் ஆகுதுங்க

சோமனூர் தறி:
தறிக் குடோனுக்கு டிபிஏ3116 சிப் போட்ட ரெண்டு சேனல் ஆம்ப் போர்டு, அதுக்குக் கரண்ட் தர்ற பவர் சப்ளை 24 வோல்ட் 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். சேனலுக்கு ஒரு 8 ஓம் ஸ்பீக்கர் போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. ரெண்டு ரெண்டா பேரலல்ல கோர்த்து சேனலுக்கு 4 ஓமா ஆக்குனதும் பேஸ் அடிக்கறப்பெல்லாம் ஒரு நொடி கட் ஆகி மறுபடி வருது. போர்டு 4 ஓம் தாங்கும்னு போட்டிருக்குது. வயர் 1 சதுர மில்லி, 30 மீட்டர். சீரியல்ல, ஒண்ணு பின்னால ஒண்ணா, கோர்க்கலாமுங்களா?

ஈரோடு சால்டரிங்:
போர்டு தாங்குமுங்க, எஸ்எம்பிஎஸ்தான் தாங்கல. ஓம் பாதியானாலும் ஆம்ப் அதே வோல்டேஜைத்தான் தரும். கரண்ட் ரெண்டு மடங்காகும். 24 வோல்ட் சப்ளைல உச்சம் 22 வோல்ட்னு வையுங்க. 8 ஓமுக்கு 30 வாட்ஸ், 4 ஓமுக்கு 60. ரெண்டு சேனலுக்கு 120, போர்டுல வீணாகற சூட்டையும் சேர்த்தா 130க்கு மேல. உங்க எஸ்எம்பிஎஸ் தர்றது 72தான்.

உறுதி பண்ணிக்க, சத்தம் கட் ஆகறப்ப சப்ளை முனைல மீட்டர் வையுங்க. 24 இறங்குனா எஸ்எம்பிஎஸ். இறங்காம கட் ஆனா ஆம்ப் சிப்போட பாதுகாப்பு வேலை செய்யுது: வயர் ஷார்ட்டையும் சிப் சூட்டை இறக்கற ஹீட் சிங்க்கையும் பாருங்க.

24 வோல்ட் 6 ஆம்பியர் வாங்குங்க. செலவு வேண்டாம்னா 19 வோல்ட் 90 வாட்ஸ் லேப்டாப் அடாப்டர் போதும். சேனலுக்கு 38 வாட்ஸ் வரும். சீரியல் வேண்டாமுங்க. 16 ஓம்ல சேனலுக்கு மொத்தமே 15 வாட்ஸ், தறிச் சத்தத்துல காதுல விழாது.

பல்லடம் ஆடியோ:
வயரையும் மாத்துங்கண்ணா. போக வர 60 மீட்டர், 1 சதுர மில்லில ஒரு ஓமுக்கு மேல வரும். 4 ஓம் லோடுல அஞ்சுல ஒரு பங்கு பவர் வயர்லயே சூடாப் போயிரும். 2.5 சதுர மில்லி போடுங்க.

முக்கியமா, வயர் மிச்சம்னு ரெண்டு சேனல் மைனஸையும் ஒண்ணாக் கோர்த்துறாதீங்க. இந்தப் போர்டுல மைனஸ் கிரவுண்டு கிடையாது, அதுலயும் சிக்னல் ஓடுது. கோர்த்தா ரெண்டு சேனலும் ஒண்ணுக்கொண்ணு ஷார்ட். தறி பாடிலயும் படக்கூடாது.

சோமனூர் தறி:
சரிங்கண்ணா. 4 ஓமாக்குனதுல ட்ரெபிள் (கீச்சு சத்தம்) கொஞ்சம் மந்தமாத் தெரியுதே?

ஈரோடு சால்டரிங்:
அது போர்டுல இருக்கற அவுட்புட் காயில், கெப்பாசிட்டரால வர்றதுங்க. 10 மைக்ரோஹென்றி, 0.68 மைக்ரோஃபாரட் இருந்தா, 20 கிலோஹெர்ட்ஸ்ல 8 ஓமுக்கு அரை டெசிபல் ஏறும், 4 ஓமுக்கு முக்கால் டெசிபல் இறங்கும். அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு காயிலைத் தொட வேண்டாம், ட்ரெபிளை ஒரு துளி ஏத்துனாப் போதும்.