‘வலை’யைத் தட்டினால் ‘விலை’ வருகிறது: ஆன்டாலஜியில் இருந்து தளம் கட்டிய அனுபவம்

காசிமேட்டுக்காரன்:

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும், மாமாவுக்கும் வலையில் கிழிசல் பார்ப்பதைத் தவிர பெரிதாக வேலை இருக்காது. சரி, இப்போது விட்டால் இவர் கையில் சிக்கமாட்டார் என்று, ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த மீன்பிடிச் சொற்கள் ஆன்டாலஜியை (சொற்களையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதிய தொகுப்பு) வெளியே எடுத்தேன். மீன், வலை, படகு, ஏலம், விலை என்று எல்லாம் ஒரே டர்ட்டில் ஃபைலில் (ஆன்டாலஜியை எழுதிவைக்கும் ஒரு வடிவம்).

அதை அப்படியே காட்டினால் யாருக்கும் புரியாது. பைத்தானில், இந்த மாதிரி ஃபைலைப் படிக்கும் ஆர்டிஎஃப்லிப் வைத்துப் படித்து, சொல்லுக்கு ஒரு மார்க்டவுன் பக்கமாக (எளிய குறிகளோடு எழுதும் உரை) எழுதி, அதிலிருந்து தளம் கட்டும் எம்கேடாக்ஸிடம் கொடுத்தேன். ஸ்கிரிப்ட் நூறு வரிகூட இல்லை, முதல் ஓட்டத்திலேயே தளம் வந்துவிட்டது. பெருமையாக மொட்டைமாடியில் மாமாவிடம் ஃபோனை நீட்டினேன். அவர் ‘வலை’யைத் தட்டினார்.

“இன்னாடா இது, வலைன்னு போட்டுக்கினு ஏலத்துல போற ரேட்டப் பத்தி எழுதி வச்சிக்கிற?”

டர்ட்டில் ஃபைலில்தான் தப்பு என்று இரண்டு ராத்திரி அதையே குடைந்தேன். அதில் ஒன்றுமில்லை. கடைசியில் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ‘வல’ என்று ஒரே ஒரு ஃபைல். சொல்லிலிருந்து பக்கத்துக்கு முகவரி செய்ய, எழுத்தல்லாததை எல்லாம் நீக்கு என்று ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடி மாற்றும் விதி) போட்டிருந்தேன். அதில் ‘எழுத்து’ என்பதைக் குறிக்கும் பைத்தானின் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ நம் கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்தாகவே மதிப்பதில்லை! யூனிகோடில் அவை எழுத்தோடு ஒட்டும் குறிகள் என்ற தனி வகை. அதனால் வலையும் ‘வல’, விலையும் ‘வல’, பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டது. கடலும் கடலையும்கூட ஒன்றாகிவிடும், நல்லவேளை என் பட்டியலில் கடலை இல்லை.

ரெகெக்ஸைத் திருத்தினாலே வேலை முடிந்திருக்கும். ஆனால் பெயரை முகவரியாக்கியதுதான் தப்பு என்று எனக்குப் பட்டது. இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண், யுஆர்ஐயில், அதாவது சொல்லின் இணைய முகவரியில், அது மட்டும்தான். தமிழ்ப் பெயர் லேபிளில் இருக்கும், நாளைக்கு மாற்றினாலும் எந்த இணைப்பும் அறுந்துபோகாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக 2009-இல் வந்த, சொற்பட்டியலுக்கான ஸ்காஸ் தரத்தில் இதற்குத் தோதான ஏற்பாடு ஏற்கெனவே உண்டு: முதன்மை லேபிள் ஒரு மொழிக்கு ஒன்றுதான், மாற்று லேபிள் எத்தனை வேண்டுமானாலும். வஞ்சிரம் முதன்மை, கன்னியாகுமரிப் பக்கத்து நெய்மீன் மாற்று. மாமாவுக்கு இதில் ஒப்புதல் இல்லை, “அது இன்னா நெய்யி, வஞ்சிரம்னு மட்டும் போடு” என்கிறார்.

அப்புறம் பெயரில்லாக் கணுக்கள். ஆன்டாலஜி எழுதும் மொழியான ஓடபிள்யூஎல்-இல் ‘இந்த வகைப் படகுக்கு எஞ்சின் கட்டாயம்’ என்பது மாதிரி நிபந்தனை எழுதினால் உள்ளே ஒரு பெயரில்லாக் கணு (யுஆர்ஐ இல்லாத முடிச்சு) உருவாகும். என் ஸ்கிரிப்ட் அதற்கும் பக்கம் போட்டது, அதுவும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு கிறுக்குப் பெயரில். யுஆர்ஐ உள்ளதை மட்டும் எடு என்று ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் ஒரு வடிகட்டி போட்டதும் தீர்ந்தது.

வியாசர்பாடி:

தலைவா, உங்க தளத்தில் தேடிப் பார்த்தீர்களா? நானும் எம்கேடாக்ஸ்தான். பக்கமெல்லாம் சரியாக வந்தது, ஆனால் தேடல் பெட்டியில் எந்தத் தமிழ்ச் சொல் போட்டாலும் பூஜ்யம். ஆங்கில அமைப்பில் இருக்கும் தேடல், சொல்லின் ஓரத்தில் ஆங்கில எழுத்து, எண் தவிர எதைக் கண்டாலும் வெட்டும். தமிழ்ச் சொல் முழுக்கவே ஓரம்தானே அதுக்கு. மொழி அமைப்பை மாற்றின பிறகுதான் கிடைத்தது.

திருவொற்றியூர் அக்கா:

நான் ஸ்கிரிப்டே எழுதவில்லை தம்பி, ஆன்டாலஜியிலிருந்து பக்கம் கட்டும் பைலோட் கருவியில் ஃபைலைக் கொடுத்தேன், ஒரே ஹெச்டிஎம்எல் பக்கம் வந்தது. என் யுஆர்ஐ எல்லாம் ஹேஷ் வகை (சொல்லுக்கு முன்னால் # வரும்) என்பதால் அதுவே பொருத்தம், ஹேஷுக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகவே போகாது, எல்லாச் சொல்லும் ஒரு பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். சொல்லுக்கு ஒரு பக்கம் வேண்டுமென்றால் ஸ்லாஷ் வகை (# இடத்தில் / வரும்). இதை முதல் நாளே முடிவு பண்ணிவிடுங்கள். நான் பாதியில் மாற்றப் போய் ஒரு வாரம் போனது. விளக்கம் எழுதாத சொற்கள் வெறும் தலைப்பாக நிற்பதைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது, அது வேறு கதை.

காசிமேட்டுக்காரன்:

வியாசர்பாடி, அதே கதைதான், மாற்றிவிட்டேன், நன்றி. அக்கா, என்னுடையது ஸ்லாஷ்தான், தப்பித்தேன்.

இப்போது புதுப் பிரச்சினை. மாமா கடலுக்குப் போகும்போது ஃபோனிலேயே வேண்டுமாம், அங்கே சிக்னல் ஏது. முழு ஃபோல்டரையும் அப்படியே ஏற்றிக் கொடுத்தேன், இணைப்பைத் தட்டினால் பக்கம் வராமல் ஃபோல்டர் பட்டியல் வந்தது. பக்கத்தை ஃபைல் பெயரில்லாமல் ஃபோல்டர் பெயரால் இணைக்கும் டைரக்டரி யுஆர்எல் அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி கட்டினேன், பக்கங்கள் திறக்கின்றன. தேடல் மட்டும் இன்னும் அசையவில்லை. யாராவது சரி பண்ணியிருந்தால் சொல்லுங்கள், படகு நாளை மறுநாள் கிளம்புகிறது.